லிஸ்ப்பில் நிரல் எழுதிக்கொண்டே வாசிப்பது: எங்கே தொடங்கலாம்?

மழைக்காகம் | ஞாயிறு, இரவு 10:52

எல்லோருக்கும் வணக்கம். பத்து வருடமாக ஜாவா எழுதித்தான் சோறு. வீட்டில் ஒரு பழைய கீபோர்டு இருக்கிறது, அதில் நாலு சினிமாப் பாட்டு வாசிப்பேன், என் இசை ஞானம் அத்தோடு முடிந்தது. போன வாரம் தூக்கம் வராமல் யூடியூபில் மேய்ந்துகொண்டிருந்தபோது, ஆண்ட்ரூ சோரன்சன் என்ற ஆஸ்திரேலியர் 2014 ஆஸ்கான் மாநாட்டில் செய்த நிகழ்ச்சி கண்ணில் பட்டது. மனிதர் மேடையில் நிரல் எழுதுகிறார், எழுத எழுத இசை வளர்கிறது, நடுவில் ஒரு எண்ணை மாற்றுகிறார், பாட்டு நிற்காமலே திரும்பிக்கொள்கிறது. இரண்டு முறை பார்த்தேன், இன்னும் பிடிபடவில்லை.

என் சந்தேகம் இதுதான். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தாமல் எப்படி மாற்றுகிறார்? நான் ஒரு வரி மாற்றினால் திரும்ப பில்ட் பண்ணி, சர்வரை ஏற்றி, டீ குடித்துவிட்டு வந்தால்தான் பார்க்க முடியும். அப்புறம் அவர் எழுதுவது லிஸ்ப் என்ற மொழியாம், இதற்கு ஏன் லிஸ்ப், வேறு மொழியில் முடியாதா? என் லேப்டாப் ஏழு வருடப் பழசு, தாங்குமா? யாராவது செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

அடைப்புக்குறி | ஞாயிறு, இரவு 11:31

வாங்க, இன்னொருவர் மாட்டினார்.

நீங்கள் பார்த்தது எக்ஸ்டெம்போர் என்ற மென்பொருள். சோரன்சன் முதலில் எழுதியது இம்ப்ராம்ப்டு, 2005இல், மேக்கில் மட்டும் ஓடும், மொழி ஸ்கீம், அதாவது லிஸ்ப்பின் ஒரு வகை. 2011இல் எக்ஸ்டெம்போர் வந்தது. அதில் ஸ்கீம் அப்படியே இருக்கிறது, கூடவே எக்ஸ்டிலாங் என்று அவரே செய்த இன்னொரு மொழி. பார்க்க அதுவும் லிஸ்ப் மாதிரி அடைப்புக்குறியாகத்தான் இருக்கும், ஆனால் வகைகள் கறாராக உண்டு, எல்எல்விஎம் என்ற கம்பைலர் கருவி வழியாக அந்த நிமிடமே இயந்திர மொழியாகிவிடும். ஒரு செகண்டுக்கு 44,100 முறை கணக்குப் போட வேண்டிய வேலைக்கு ஸ்கீம் இன்டர்ப்ரெட்டர் காணாது, அதனால்தான் இந்தத் தனி மொழி. அதன் பலன் என்னவென்றால், எந்த சுரம் எப்போது என்பதை மட்டுமல்ல, அந்த சுரத்தை எழுப்பும் கருவியையே ஒலித்துக்கொண்டிருக்கும்போது பிரித்து மாட்டலாம்.

சரி, உங்கள் முதல் கேள்வி. மொத்த வித்தையும் நாலு வரி. பெயர்களை மட்டும் தமிழில் போடுகிறேன், வடிவம் அவருடையதேதான்:

(வரையறு தட்டு
  (லாம்டா (நேரம்)
    (ஒலி நேரம் பியானோ 60 80 10000)
    (அழை (+ நேரம் 22050) 'தட்டு (+ நேரம் 22050))))

(தட்டு (இப்போது))

லாம்டா என்றால் பெயரில்லாத ஃபங்ஷன். 60 என்பது மிடி (இசைக்கருவிகளும் கணினியும் பேசும் முறை) கணக்கில் நடு ஸி. 80 எவ்வளவு பலமாக, 10000 எவ்வளவு நேரம். நேரம் எல்லாம் சாம்பிள் (ஒலியின் ஒரு துளி) கணக்கு, 44,100 சாம்பிள் ஒரு செகண்ட், ஆக 22,050 அரை செகண்ட், அதாவது டெம்போ 120.

இப்போது ‘அழை’ என்ற வரியைப் பாருங்கள். அது லூப் இல்லை, தூங்கி எழுவதும் இல்லை. “இன்னும் அரை செகண்டில் தட்டு என்ற பெயருள்ளவனைக் கூப்பிடு” என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு ஃபங்ஷன் முடிந்தேவிடுகிறது. அடுத்த அரை செகண்டுக்கு அந்த நிரலில் எதுவுமே ஓடவில்லை. அந்த இடைவெளியில் நீங்கள் ‘தட்டு’ என்ற பெயரில் வேறொரு ஃபங்ஷனை எழுதி வைத்தால், நேரம் வந்ததும் பெயரைத் தேடி வருபவனுக்குப் புதியவன்தான் கிடைப்பான். மின் கட்டண அட்டை வீட்டு எண்ணுக்குத்தானே வருகிறது, உள்ளே குடித்தனம் மாறியிருந்தால் புது ஆள்தான் கட்ட வேண்டும், அந்தக் கதைதான். சோரன்சன் இதற்கு வைத்த பெயரை நான் காலத் தற்சுழற்சி என்று சொல்லிக்கொள்வேன்.

‘தட்டு’வுக்கு முன்னால் இருக்கும் ஒற்றை மேற்கோளை விட்டுவிடாதீர்கள். பெயர் பெயராகவே போக வேண்டும் என்பதற்குத்தான் அது.

ஓரத்து_ஸ்பீக்கர் | திங்கள், காலை 7:14

ஜாவாக்காரர் என்கிறீர்கள், அப்படியானால் ஓவர்டோன் பக்கம் வாருங்கள். க்ளோஷர் மொழி, அதுவும் ஒரு லிஸ்ப், ஜாவா ஓடும் ஜேவிஎம் மேல்தான் ஓடுகிறது, உங்களுக்கு அன்னியமாக இருக்காது. சாம் ஆரனும் ஜெஃப் ரோஸும் தொடங்கியது. (பிறகு சாம் ஆரன் கேம்பிரிட்ஜில் பள்ளிப் பிள்ளைகளுக்காக சோனிக் பை செய்யப் போய்விட்டார், 2012இல். அது ரூபி. ஓவர்டோன் நடுவில் கொஞ்ச காலம் தூங்கிக் கிடந்தது, அப்புறம் வேறு சிலர் தட்டி எழுப்பினார்கள்.)

இதில் ஒலி எழுப்பும் வேலையை க்ளோஷர் செய்யாது. அதைச் செய்வது சூப்பர்கொலைடர், ஜேம்ஸ் மெக்கார்ட்னி 1996இல் வெளியிட்டது. க்ளோஷர் உட்கார்ந்து “இந்த சுரம், இத்தனை மணிக்கு” என்று செய்தி அனுப்பும், சூப்பர்கொலைடர் வாசிக்கும். ஜேவிஎம்மில் நினைவகக் குப்பை அள்ளும் நேரத்தில் எல்லாம் ஒரு கணம் நின்றுவிடுமே, தாளம் தடுக்காதா என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். தடுக்காது, ஏனென்றால் அடுத்த அழைப்பை 300 மில்லிசெகண்ட் முன்னதாகவே எழுப்பிவிட ஒரு ஏற்பாடு உண்டு. செய்தி முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிடும், வாசிப்பது மட்டும் குறித்த நேரத்தில்.

அடைப்புக்குறி சொன்ன ஒற்றை மேற்கோள் இங்கே #' என்று இருக்கும். மறந்தால் அழைப்பில் போவது பெயர் இல்லை, அப்போது இருந்த ஃபங்ஷன். அடுத்த அழைப்புக்குள் புதியதை எழுதினாலும் பழையவன் இன்னொரு சுற்று வந்து வாசித்துவிட்டுப் போவான். நீளமான சுற்றாக வைத்திருந்தால், ஏன் மாறவில்லை என்று அந்த நேரம் முழுக்க விழிக்க வேண்டியதுதான்.

சுட்ட_அப்பளம் | திங்கள், காலை 9:40

வந்துட்டாங்கய்யா அடைப்புக்குறி சங்கம்.

மழைக்காகம், இவர்கள் சொல்வதைக் கேட்டு ஈமேக்ஸ் எடிட்டரை நிறுவி, அதைக் கற்றுக்கொண்டு, அப்புறம் லிஸ்ப் கற்றுக்கொண்டு, ஒரு நாள் “டொக்” என்று ஒரு சத்தம் வரும்போது உங்களுக்கு அறுபதாம் கல்யாணம் நடக்கும். பிரவுசரைத் திறங்கள், ஸ்ட்ரூடல் என்று தேடுங்கள், ஒரே ஒரு வரி, தாளம் வந்துவிடும். அலெக்ஸ் மக்லீன் ஹாஸ்கெல் மொழியில் செய்த டைடல்சைக்கிள்ஸ்தான் அது, இப்போது பிரவுசரிலேயே ஓடுகிறது. அல்காரேவ் என்று நிரலால் இசை எழுப்பி ஊர் ஊராக ஆட்டம் போடுகிறார்களே, அங்கே போய்ப் பாருங்கள், எத்தனை பேர் லிஸ்ப் என்று.

அடைப்புக்குறி | திங்கள், மதியம் 1:05

அப்பளம் சொல்வதில் பாதி நியாயம். சீக்கிரம் சத்தம் வர வேண்டுமென்றால் ஸ்ட்ரூடல்தான், நானே நண்பர்களுக்கு அதைத்தான் காட்டுவேன். ஆனால் அவர் கேட்டது வேறு. டைடல் வகையறாவில் ஒரு சுற்றுக்குள் என்ன இருக்கிறது என்று நீங்கள் வர்ணிக்கிறீர்கள், எப்போது எதை வாசிப்பது என்பதை அது பார்த்துக்கொள்ளும். சோரன்சன் வழியில் காலமே உங்கள் கையில் இருக்கும் ஒரு மதிப்பு, கூட்டலாம், கழிக்கலாம், அடுத்த அழைப்பை சீட்டுக் குலுக்கிக்கூட முடிவு செய்யலாம். சுற்று என்று ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்றில்லை.

அப்புறம் “ஏன் லிஸ்ப்”. அடைப்புக்குறியில் அழகு இருக்கிறது என்றெல்லாம் பேச மாட்டேன் (என் பெயரைப் பார்க்காதீர்கள்). ஓடும்போதே பெயருக்குப் பின்னால் இருப்பதை மாற்றுவது லிஸ்ப்பில் பிற்பாடு ஒட்டவைத்த வசதி இல்லை, ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் வேலை செய்கிறார்கள். எழுது, அந்தத் துண்டை மட்டும் அனுப்பு, பதிலைப் பார். இசைக்காரர்கள் வந்து இதைக் கண்டுபிடிக்கவில்லை, இருந்த பழக்கத்தை ஸ்பீக்கரோடு இணைத்தார்கள். இன்னொன்று, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அடைப்புக்குறியே சொல்லிவிடுவதால், கர்சரை உள்ளே வைத்து ஒரு கீ தட்டினால் அந்தத் துண்டு மட்டும் போகும். மேடையில் மவுஸ் பிடித்து ஏழு வரியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்க முடியாது.

பழைய_டேப் | திங்கள், இரவு 8:22

நடுவில் ஒரு கிழவன் புகுந்துகொள்கிறேன்.

லிஸ்ப்புக்கும் இசைக்கும் உறவு இந்த லைவ் கோடிங்குக்கு, அதாவது மேடையில் நிரல் எழுதி வாசிப்பதற்கு, முன்பிருந்தே உண்டு. ஹைன்ரிக் டாபேயின் இசையமைப்பு மென்பொருள் காமன் மியூசிக் 1989. ஸ்டான்ஃபோர்டில் பில் ஷாட்ஸ்டேட் காமன் லிஸ்ப் மியூசிக் எழுதினார், அவருடைய எஸ்7 ஸ்கீமைத்தான் இன்று ‘மேக்ஸ்’ மென்பொருளுக்குள் ஸ்கீம் ஓட்டுபவர்கள் பயன்படுத்துகிறார்கள். கார்னகி மெலனில் ரோஜர் டானன்பெர்க் நைக்விஸ்ட் செய்தார், அதுவும் லிஸ்ப். மழைக்காகம், உங்கள் கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டர் இருக்கிறதா? இருந்தால் உங்களிடம் ஏற்கெனவே ஒரு லிஸ்ப் இருக்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் டானன்பெர்க் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர், நைக்விஸ்டை உள்ளேயே வைத்திருக்கிறார்கள். அதற்கான கட்டத்தைத் திறந்து அடைப்புக்குறிக்குள் ஆசிலேட்டர் கட்டளையையும் 60ஐயும் போட்டால் சைன் அலை வரும். நேரலை இல்லை, ஆனால் லிஸ்ப் எழுதி சத்தம் கேட்க ஐந்து நிமிடம் போதும். அறுபதாம் கல்யாணம் வரை காத்திருக்க வேண்டாம்.

திரையை ஏன் எல்லோருக்கும் காட்டுகிறார்கள் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. 2004இல் ஹாம்பர்க்கில் ஒரு பாரில் கூடி டாப்லாப் என்று ஒரு கூட்டணி ஆரம்பித்தார்கள், அவர்களுடைய அறிக்கையில் முக்கியமான கோரிக்கையே ‘உன் திரையைக் காட்டு’ என்பதுதான். லேப்டாப்புக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு ஒருவர் வாசித்தால் அவர் இசையமைக்கிறாரா, மின்னஞ்சல் பார்க்கிறாரா என்று யாருக்குத் தெரியும்? டேவ் கிரிஃபித்ஸ் அந்தக் கூட்டத்தில் ஒருவர், ஃப்ளக்ஸஸ் என்று ஸ்கீமில் படம் வரையும் கருவி செய்தவர். அவரே ஸ்கீம் பிரிக்ஸ் என்று ஒன்று செய்தார், அதில் அடைப்புக்குறிக்குப் பதில் வண்ணக் கட்டைகள், ஒன்றுக்குள் ஒன்றை வைப்பதுதான் நிரல். குறி விட்டுப்போகவே வழியில்லை.

அப்பளத்துக்கும் ஒரு செய்தி: உங்கள் டைடலில் ஒரே வரியில் தாளம் எழுதுகிறீர்களே, அந்தக் குறியீட்டுக்கு ஒரு பாட்டன் உண்டு, போல் ப்ராசஸர். 1980களில் பெர்னார்ட் பெல்லும் ஜிம் கிப்பனும் லக்னோ தபலாக்காரர்களின் வாசிப்பை இலக்கணமாக எழுத முயன்றபோது பிறந்தது. இந்தப் பக்கம் வந்து எடுத்துக்கொண்டு போனதுதான்.

மழைக்காகம் | புதன், இரவு 11:48

எக்ஸ்டெம்போர் நிறுவிவிட்டேன்! விஎஸ் கோடுக்கு நீட்சி இருந்தது, ஈமேக்ஸ் தேவைப்படவில்லை (அப்பளம் கவனிக்க). முதல் முறை நூலகங்களை ஏற்ற ரொம்ப நேரம் எடுத்தது, தொங்கிவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் ‘டிங்’. நடு ஸி. மனைவி எட்டிப் பார்த்து “இதுக்கா நாலு நாளு?” என்றாள்.

ஆனால் ஏதோ தப்பு. 60ஐ 67 என்று மாற்றி அனுப்பினேன், மாறியது, சந்தோஷம். 72 ஆக்கினேன், மாறியது. ஒவ்வொரு தடவையும் சத்தம் கொஞ்சம் கூடிக்கொண்டே வருகிறது. ஐந்தாறு மாற்றத்துக்குப் பிறகு ஒரே கூட்டமாக டிக்டிக்டிக் என்று தகரக் கூரையில் மழை மாதிரி. ஃபங்ஷனில் அப்படி எதுவும் இல்லையே. பதிவு செய்து இணைத்திருக்கிறேன்.

அடைப்புக்குறி | வியாழன், காலை 6:50

எல்லோரும் விழும் குழி. நீங்கள் ஒவ்வொரு முறையும் வரையறையோடு சேர்த்து கீழே இருக்கும் (தட்டு (இப்போது)) வரியையும் அனுப்புகிறீர்கள், இல்லையா? அது ‘ஆரம்பி’ என்ற கட்டளை. ஏற்கெனவே ஒருவன் ஓடிக்கொண்டிருக்கிறான், நீங்கள் இன்னொருவனைக் கிளப்பிவிடுகிறீர்கள். எல்லோரும் தேடுவது ஒரே பெயரை, அதனால் 67 என்று மாற்றினால் ஆறு பேரும் 67 வாசிப்பார்கள், நீங்கள் கீ தட்டிய நேர வித்தியாசத்தில் ஆளுக்கொரு இடத்தில்.

வரையறையை எத்தனை முறை வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆரம்பிக்கும் வரியை ஒரே ஒரு முறை. நான் அதை அனுப்பியதும் அழித்தே விடுவேன்.

இப்போது ஓடுகிறவர்களை நிறுத்த, உள்ளே எதுவும் செய்யாத வெறும் லாம்டாவை ‘தட்டு’ என்ற பெயரில் எழுதி அனுப்புங்கள். ஆறு பேரும் வருவார்கள், வெறுமையைப் பார்ப்பார்கள், அடுத்த சீட்டு எழுத யாரும் இல்லை, முடிந்தது.

வலந்தலை | வியாழன், மாலை 5:33

நான் மிருதங்கம் வாசிக்கிறவன், நிரல் பற்றி ஒன்றும் தெரியாது, தலைப்பைப் பார்த்து வந்தேன். தம்பி போட்ட பதிவைக் கேட்டேன். ஆறு பேர் கதை புரிந்தது, ஆனால் அதற்கு முன்னால், ஒரே ஆள் வாசிக்கும் முதல் ஒரு நிமிடத்தில்கூட ஏதோ சரியில்லை. கையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டேன், அரை நிமிடத்துக்குள் என் கை முன்னால் போய்விடுகிறது. என் கைதான் ஓடுகிறதோ என்று மெட்ரோனோம் வைத்தும் பார்த்தேன். கணினி பிந்துகிறது. கணினி தாளம் தப்புமா என்ன?

அடைப்புக்குறி | வியாழன், மாலை 6:10

அண்ணா, உங்கள் காதுக்கு ஒரு கும்பிடு. மழைக்காகம், உங்கள் நிரலை அப்படியே இங்கே போடுங்கள்.

மழைக்காகம் | வியாழன், இரவு 9:02

(வரையறு தட்டு
  (லாம்டா ()
    (ஒலி (இப்போது) பியானோ 60 80 10000)
    (அழை (+ (இப்போது) 22050) 'தட்டு)))

நேரத்தை ஏன் கையில் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும், உள்ளேயே ‘இப்போது’ கேட்டுக்கொள்ளலாமே என்று சுருக்கினேன்.

அடைப்புக்குறி | வியாழன், இரவு 9:26

அதேதான். நீங்கள் சுருக்கியது காலத்தை.

குறித்த நேரத்துக்கே எந்த அழைப்பும் வராது, கொஞ்சம் பிந்தித்தான் வரும். இரண்டு மில்லிசெகண்ட் என்று வையுங்கள். வந்த பிறகு “இப்போது மணி என்ன” என்று கேட்டு அதிலிருந்து அரை செகண்ட் எண்ணினால், அந்த இரண்டும் கணக்கில் சேர்ந்துவிடும். அடுத்தது அதற்கும் மேல் இரண்டு. நிமிடத்துக்கு 120 தட்டு, ஆக 240 மில்லிசெகண்ட். ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே 500தான் இருக்கிறது, ஒரு நிமிடத்தில் கிட்டத்தட்ட பாதியைத் தின்றுவிட்டது.

‘நேரம்’ என்பதைக் கையில் கொடுத்து அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை. அது ஆள் வந்து சேர்ந்த நேரம் இல்லை, வந்திருக்க வேண்டிய நேரம். பிந்தி வந்தாலும் கணக்கு அங்கிருந்துதான். இன்னும் சரியாகச் செய்கிறவர்கள், அழைப்பை மட்டும் பாதி இடைவெளி முன்னதாகவே வரச் சொல்லிவிட்டு, கையில் கொடுக்கும் நேரத்தை முழு இடைவெளிக்குப் பிந்தியதாக வைப்பார்கள். கச்சேரி ஆறு மணிக்கு என்றால் ஐந்தரைக்கே வந்து சுருதி சேர்த்து வைப்பது போல.

பழைய லேப்டாப் பற்றிக் கேட்டிருந்தீர்களே, பதில் சொல்ல விட்டுவிட்டேன். ஆடியோ பஃபரை (ஒலியை அனுப்புமுன் சேர்த்துவைக்கும் இடம்) 1024 சாம்பிளாக வைத்துக்கொள்ளுங்கள். கீபோர்டு வாசிக்கிறவருக்கு அது கொடுமை, விரல் பட்டு 23 மில்லிசெகண்ட் கழித்துச் சத்தம் வரும். நமக்கு யார் விரல் பட்டு வாசிக்கிறோம்? எல்லாமே முன்கூட்டி எழுதிய சீட்டு. இந்த ஒரு விஷயத்தில் நாம் சொகுசுப் பேர்வழிகள்.

ஓரத்து_ஸ்பீக்கர் | வெள்ளி, மதியம் 12:44

மானம் போன கதை ஒன்று இருக்கிறது, சொல்லிவிடுகிறேன், மழைக்காகத்துக்கு உபயோகப்படும்.

முதல் முறை வெளியாட்கள் முன்னால் வாசித்தது ஒரு கல்லூரி விழாவில், முப்பது பேர் இருந்திருப்பார்கள். வெறும் தட்டாகப் போய்க்கொண்டிருந்த டிரம்மை, பாதி நேரம் தட்டு, பாதி நேரம் சும்மா இரு என்று மாற்ற நினைத்தேன். அதாவது வாசிக்கும் வரியை ஒரு ‘இஃப்’ உள்ளே போட வேண்டும். போட்டேன். மூட வேண்டிய அடைப்புக்குறி ஒன்று வரிசையில் கீழே இறங்கிவிட்டது, கவனிக்கவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்ததால் எடிட்டரும் வாய் திறக்கவில்லை.

(என்றால் (< (குலுக்கு) 0.5)
    (ஒலி நேரம் டிரம்)
    (அழை (+ நேரம் 500) ...))

லிஸ்ப்பில் ‘இஃப்’ உள்ளே இரண்டாவதாக ஒன்று வந்தால் அது ‘இல்லையென்றால்’. ஆக, தலை விழுந்தால் டிரம் அடி, பூ விழுந்தால் அடுத்த அழைப்பைக் குறி. டிரம் அடித்தால் அழைப்பு கிடையாது. முழு அரங்கமும் காத்திருக்க, டம். ஒரே ஒரு டம். அத்தோடு மௌனம். திரும்பக் கிளப்பினேன், இரண்டு செகண்ட் ஒன்றுமில்லை, டம், மௌனம். மூன்றாவது தடவை உடனே டம், மௌனம். எரர் எதுவும் வராததால் ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டேன், வயரைப் பிடுங்கி மாட்டினேன். எனக்குப் பின்னால் பத்தடி திரையில் தப்பு பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்தது. முன் வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்று “அண்ணா, அந்த பிராக்கெட்” என்றாள்.

திரையைக் காட்டு என்ற டாப்லாப்பின் கோரிக்கைக்கு எனக்குக் கிடைத்த பலன் இதுதான். கைதட்டல் அந்தப் பெண்ணுக்கு விழுந்தது.

சுட்ட_அப்பளம் | வெள்ளி, மதியம் 2:15

😂😂 அப்புறம் வீட்டுக்குப் போகும்போது ஸ்ட்ரூடல் நினைவு வந்ததா இல்லையா?

சும்மா சீண்டினேன். ஆனால் மனதில் இருக்கும் கேள்வியைக் கேட்டுவிடுகிறேன், சண்டைக்கு இல்லை. இதில் மனோதர்மம் எங்கே இருக்கிறது? தாளத்தை இயந்திரம் பிடித்துக்கொள்கிறது, சுரத்தை சீட்டுக் குலுக்கி எடுக்கிறது, நீங்கள் உட்கார்ந்து எண்ணை மாற்றுகிறீர்கள். வலந்தலை ஐயா என்ன சொல்கிறார்?

வலந்தலை | வெள்ளி, இரவு 10:20

இரண்டு நாளாக அந்த ஆஸ்திரேலியக்காரரின் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் எனக்கும் அப்பளம் சொன்னதுதான் தோன்றியது. பிறகு அவர் கை எங்கே இருக்கிறது என்று கவனித்தேன். காதில் கேட்கும் இடத்தில் இல்லை, அடுத்து வரப்போகும் இடத்தில் இருக்கிறது. தனி ஆவர்த்தனத்தில் நான் திஸ்ரம் வாசித்துக்கொண்டே மூன்று ஆவர்த்தனம் தள்ளி வரும் கோர்வையை எங்கே எடுப்பது என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பேன். கை ஒன்று செய்யும், கணக்கு வேறிடத்தில் ஓடும். அந்த வேலையை அவரும் செய்கிறார். அதனால் மனோதர்மம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு குறை. பாடகர் திடீரென்று ஒரு சங்கதியில் நின்று என்னைப் பார்ப்பார், அந்தப் பார்வைக்கு நான் கால் நொடியில் பதில் சொல்ல வேண்டும். இவர் பதிலைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் அந்தப் பாடகர் மங்களம் பாடிவிடுவார். தனியாக வாசிக்க ஏற்ற கலை, பக்கவாத்தியத்துக்கு ஆகாது. ஆளாளுக்கு வேறு கருத்து இருக்கலாம்.

அடைப்புக்குறி | வெள்ளி, இரவு 11:02

பக்கவாத்தியம் விஷயத்தில் நூற்றுக்கு நூறு சரி, அண்ணா. சோரன்சனே ஆண்ட்ரூ பிரவுனோடு சேர்ந்து இருவராக வாசித்திருக்கிறார், ஆனால் அங்கே இருவர் கையிலும் லேப்டாப், இருவரும் ஒரே அளவு மெதுவானவர்கள்.

குலுக்கல் பற்றி மட்டும் ஒன்று. அவர் வெறுமனே குலுக்குவது குறைவு. எந்த சுரங்களுக்குள் குலுக்க வேண்டும் என்று முதலில் வேலி போட்டுவிடுவார். பலத்தைப் பெரும்பாலும் குலுக்கவே மாட்டார், காஸ்ஆர் என்று ஒன்று வைத்திருக்கிறார், நடு மதிப்பு, ஏற்ற இறக்கம், வேகம் மூன்றையும் கொடுத்தால் கொசைன் அலையாக மெதுவாக ஏறி இறங்கும். 80 என்ற ஒற்றை எண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காஸ்ஆர், 70, 20, கடைசியில் வேகத்துக்கு ஓர் எண் என்று போட்டுப் பாருங்கள், உயிரில்லாமல் டக் டக் என்று போவது மூச்சு விட ஆரம்பிக்கும். மழைக்காகம், இன்று இரவு இதைச் செய்யாமல் தூங்காதீர்கள்.

வலந்தலை | சனி, காலை 8:05

தம்பி முயன்று பார்க்க, பழைய சொற்கட்டுக் கோப்பு ஒன்றை இணைத்திருக்கிறேன். நாலும் ஐந்தும் சேர்ந்து ஓடும்படி, அதாவது ஒருவன் நாலு அட்சரத்துக்கு ஒரு முறை, இன்னொருவன் ஐந்துக்கு ஒரு முறை தொம் போட்டால், இருபதில் இருவரும் சேர வேண்டும். சேர்கிறார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

மழைக்காகம் | செவ்வாய், இரவு 11:15

மூன்று நாளாக ஆளைக் காணோம் என்று நினைத்திருப்பீர்கள். ஜாவா பழக்கம் இழுத்து ஓவர்டோனையும் நிறுவிவிட்டேன். க்ளோஷரில் ஃபங்ஷனுக்குத் தமிழிலேயே பெயர் வைக்க முடிகிறது, ஒரு முணுமுணுப்பும் இல்லை! அதனால் ‘தொம்’ என்றே ஒரு ஃபங்ஷன். காஸ்ஆர் போட்டதும் மூச்சு வந்தது உண்மை.

இப்போது புதுப் பேய். நேற்று ‘தொம்’ எழுதி ஓடவிட்டேன், நாலுக்கு ஒன்று, அருமை. இன்று அண்ணா கோப்பிலிருந்து சொற்கட்டை ஒட்டி, அதிலிருந்த ‘தொம்’ பெயரிலேயே ஐந்துக்கு ஒன்று என்று மாற்றி எழுதி அனுப்பினேன். மாறவே இல்லை, பழையது பாட்டுக்கு நாலில் ஓடுகிறது. ஆரம்பிக்கும் வரியை மறுபடி அனுப்பவில்லை, சத்தியமாக. வெறும் ஃபங்ஷனாக எழுதி நிறுத்தப் பார்த்தேன், அதற்கும் நிற்கவில்லை. #' இருக்கிறது, பத்து தடவை பார்த்துவிட்டேன். பெயர் அதே பெயர். கண் முன்னால் இருக்கிறது.

ஓரத்து_ஸ்பீக்கர் | செவ்வாய், இரவு 11:29

அவசரத்துக்கு, ஓவர்டோனில் ‘நிறுத்து’ என்று ஒரு கட்டளையே உண்டு, அதை அனுப்பினால் எல்லாம் அடங்கும்.

ஆனால் அதற்கு முன்னால், நீங்கள் கையால் அடித்த ‘தொம்’மையும் கோப்பிலிருந்து ஒட்டிய ‘தொம்’மையும் தனித்தனியாக மேற்கோளுக்குள் போட்டு, எத்தனை எழுத்து என்று எண்ணச் சொல்லுங்கள்.

மழைக்காகம் | செவ்வாய், இரவு 11:37

நான் அடித்தது 4. கோப்பில் இருப்பது 5.

என்னய்யா இது?

ஓரத்து_ஸ்பீக்கர் | செவ்வாய், இரவு 11:44

நினைத்தேன். நீங்கள் அடித்ததில் த, ஒகரக் குறி, ம, புள்ளி. கோப்பில் இருப்பதில் த, அப்புறம் கொம்பு தனி, கால் தனி, ம, புள்ளி. பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது இப்படி ஆகும். கண்ணுக்கு இரண்டும் தொம், க்ளோஷருக்கு இரண்டு வெவ்வேறு ஆள். பழையவன் தன் பெயரைத் தேடி வருகிறான், அந்த வீட்டில் யாரும் குடி மாறவே இல்லை. நீங்கள் பக்கத்து வீட்டுக்குப் புது ஆளைக் குடிவைத்திருக்கிறீர்கள்.

வலந்தலை | புதன், காலை 6:12

அந்தக் கோப்பு இருபது வருடத்துக்கு முன் அடித்தது. யூனிகோடாக மாற்றிக் கொடுத்தது என் மகன். இரண்டு நாள் பொறுங்கள், ஒழுங்காக மறுபடி அடித்துத் தருகிறேன்.

மழைக்காகம் | புதன், காலை 7:20

வேண்டாம் அண்ணா, அப்படியே இருக்கட்டும். ஐந்து எழுத்து தொம்மையும் ஆரம்பித்துவிட்டேன், அது ஐந்தில், நாலு எழுத்து தொம் நாலில். இருபதில் சேர்கிறார்கள். காலை டிபனிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, மனைவி இட்லியை அதே கணக்கில் தட்டில் போடுகிறாள்.